மாமா மறந்த வரி

என் அக்காவின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இன்றைக்கும் மணமக்களைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று பிரியாணிக்காகக் காத்துக்கிடந்ததைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்குக் காரணம் என் மாமா.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. எழுபதுகளில் திருப்பதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை திறந்திருந்த நேரத்தைவிட, இரண்டு நண்பர்களோடு எலக்ட்ரிக் கிட்டார் வாசித்து இங்கிலீஷ் பாட்டு பாடிய நேரமே அதிகம். கல்யாணத்துக்குத் தன் கச்சேரியே பரிசு என்று அவராகவே அறிவித்துவிட்டார்.

சித்தூரில் எங்கள் திருச்சபையின் பள்ளிக்கூட ஹாலில் மத்தியான வரவேற்பு. பதினொன்றுக்கு வரவேண்டியவர்கள், டிரம்ஸைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு பன்னிரண்டரைக்கு வந்து இறங்கினார்கள். மாமா சொந்தமாகச் செய்த ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் ஃபியூஸ் போயிற்று. பெண்ணைப் பெற்ற அப்பா, எங்கள் நைனா, கோட்டும் டையுமாக நாற்காலிமேல் ஏறி ஃபியூஸ் கட்டினார். கரண்ட் வந்ததும் மாமா சுருதி சேர்க்கத் தொடங்கினார். முறுக்குவார், காதைச் சாய்ப்பார், திருப்தியில்லாமல் தலையாட்டுவார், மறுபடி முறுக்குவார்.

அம்மா மேடைக்கே போய்விட்டாள். "இன்னும் எத்தினி நேரம்டா முறுக்கிக்கினே இருப்ப? பிரியாணி ஆறிப்போவுது!"

"ரெண்டே நிமிசம்க்கா."

அந்த இரண்டு நிமிஷம் அரைமணி நேரம் நீண்டது.

ஒருவழியாக இரண்டு வேகமான பாட்டுகள் வந்தன. இளவட்டங்கள் ஆடினார்கள். அம்மாவின் முகம்கூடக் கொஞ்சம் தளர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். மாமா கண்ணை மூடிக்கொண்டு, இழுத்து இழுத்து, தானே கட்டிய ஒரு இங்கிலீஷ் பாட்டை ஆரம்பித்தார். காலையில் எழுந்தேன், என் வீட்டில் சத்தமே இல்லை என்று அர்த்தம். கிட்டார் தேம்பி ஓய்ந்தது. மறுபடியும் அதே வரி.

மாப்பிள்ளையின் பெரியப்பா, நாயுடுபேட்டைக்காரர், நைனா பக்கம் சாய்ந்து, "ஏமண்டி, இது பாட்டா, மைக் டெஸ்டா?" என்றார். நைனா பல்லைக் கடித்தார்.

எனக்கு ஒன்பது வயது. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரே வரியைத் திரும்பச் சொன்னால் அடுத்தது மறந்துவிட்டது என்று அர்த்தம். அதுகூடவா எனக்குத் தெரியாது? மாமாவின் மானத்தைக் காப்பாற்ற மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "மாமாவுக்கு அடுத்த வரி மறந்துபோச்சி. எல்லாரும் சாப்பிடப் போலாம்!"

ஹால் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். கூட்டம் பந்திக்குப் பாய்ந்தது. மாமா கண்ணைத் திறந்தார். அவர் என்மேல் கோபப்படவேயில்லை. "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்று கிட்டாரைக் கழற்றிவைத்தார்.

முன்வரிசையில் மாமாவின் மனைவி, என் அத்தை, மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் நேரத்துக்குச் சாப்பிடத் தெரியாதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று மாதம் முன்புதான் அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பியிருந்தாள். பாப்பாவை இயேசப்பா வைத்துக்கொண்டார் என்றார்கள். நானும் சரி என்று விளையாடப் போய்விட்டேன். அந்த வகை இங்கிலீஷ் சோகப் பாட்டில் முதல் வரியை இரண்டு தரம் பாடுவதுதான் முறை என்றும், மூன்றாவது வரிக்காகவே அத்தை அங்கே உட்கார்ந்திருந்தாள் என்றும் எனக்கு அன்று தெரியவில்லை. அந்த வரியை மாமா அதற்கப்புறம் யாருக்கும் பாடவில்லை.