வொஷரைத் தேடிய மத்தியானம்

சாமானுக்குப் பெயர் வைப்பது சுகம். அந்தப் பெயரைக்கொண்டு சாமானைத் திருப்பி எடுப்பதுதான் ஸ்டோர்கீப்பரின் பாடு. ஸ்டோர் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

நாலு தலைப்பு

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தடியில், லோஞ்சுகள் என்ற மோட்டர்ப் படகுகளைத் திருத்தும் வேலைத்தலமொன்றில் உதிரிப்பாகங்களுக்கு நான் பொறுப்பு. வந்த புதிதில் எல்லாவற்றையும் தலைப்பு, உபதலைப்பு என்று பிரித்தேன். இயந்திரம், அதற்குள் குளிர்விப்பு, அதற்குள் இணைப்பு, அதற்குள் ரப்பர். ஃபிட்டர் யோகராசா அண்ணை குழாய் கேட்டு வந்தார். எந்தத் தலைப்பில் வரும் குழாய் என்று விசாரித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்குக் குழாய்தான் வேணும், தம்பி. அதின்ர பரம்பரை வேண்டாம்."

மற்றவை

எதிலும் அடங்காததற்கு 'மற்றவை' என்றொரு தட்டு வைத்தேன். அவசரத்தில் எல்லாரும், நானும்தான், அதிலேயே போட்டோம். மனேஜர் ஐயா விருந்தினரைக் கூட்டிவந்து என் ஒழுங்கைக் காட்டினார். திறந்த அலுமாரியெல்லாம் வெறுமை. 'மற்றவை' மட்டும் நிலத்தில் கொட்டிக் கிடந்தது. விருந்தினர் போனபின் மெதுவாகச் சொன்னார்: "வாசலில 'மற்றவை' எண்டு எழுதிவிடுங்கோ. உள்ளுக்க ஒண்டும் எழுதத் தேவையில்லை."

நூர்தீன் காக்கா

இதைச் சொல்ல இன்னும் கூச்சம். நூர்தீன் காக்கா, குடாவுக்கு அக்கரையிலுள்ள மூதூருக்கு ஆளேற்றும் லோஞ்சு ஓட்டுபவர். ஒரு மத்தியானம் தண்ணிப் பம்பின் வொஷர் பிய்ந்து, லோஞ்சு ஜெற்றியில் நின்றுவிட்டது. மூதூரில் அவருடைய ராத்தா மௌத்து. பின்னேர அஸர் தொழுகையோடு அடக்கம். மூத்த சகோதரி, வளர்த்தவ. வேறு லோஞ்சும் அப்போது இல்லை.

வொஷர் இருக்கிறதென்று எனக்கு நிச்சயம் தெரியும். 'பம்பு' பெட்டியில் பார்த்தேன், 'ரப்பர்' பெட்டியில் பார்த்தேன், 'மற்றவை'யைக் கவிழ்த்துக் கொட்டினேன். காக்கா கதவடியில் நின்றார். கடைசியில் 'கசிவுத் தடுப்பு' என்ற பெட்டியில் கிடந்தது. எழுத்து என்னுடையது. கையில் எடுக்கும்போதே அஸர் பாங்கு கேட்டது.

அடுத்த கிழமை வேறு அலுவலாக வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்: "நீங்க தேடினத நான் கண்டன், தம்பி. பிழை சொல்ல வரல்ல. ராத்தாட முகத்தத்தான் பாக்கக் கிடைக்கல்ல."

ஓய்வு பெற்ற அன்று 'ஒழுங்குக்குப் பெயர்போனவர்' என்று பேசினார்கள். மாலைக்குக் குனிந்த தலையை நான் நிமிர்த்தவேயில்லை, அதையும் அடக்கம் என்று மெச்சினார்கள்.