ஆறேகாலுக்கு ஒடிந்த கால்

தென்காசி போலீஸ் கான்ஸ்டேபிள் மாடக்கண்ணுவின் கால் போனது 1936ஆம் வருஷத்துச் சாரலில். குற்றாலத்துப் பேரருவியில் காவல் முடிந்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்தில் இறங்கியது. கரையோரம் துணி அலசிக்கொண்டிருந்த வடகரை சைதூன் பீவியை இழுத்துக்கொண்டு போனது. மாடக்கண்ணு சீருடையோடு குதித்தார். அவள் பிழைத்தாள். பாறை இடுக்கில் சிக்கிய அவருடைய வலது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்தார்கள்.

இருபத்திரண்டு வருஷ வேலை அத்தோடு முடிந்தது. காயத்துக்கான பென்ஷன் கேட்டு, கட்டையை ஊன்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். குமாஸ்தா காகிதக் கட்டைப் புரட்டினார்.

"உம்ம டூட்டி ஆறு மணிக்கு முடிஞ்சிட்டு. கால் ஒடிஞ்சது ஆறேகாலுக்கு. பென்ஷன் கிடையாது வே. சொந்தக் காரியத்துல பட்ட காயம்னு எழுதிக் குடும், கையில ஏதாவது தருவாவ."

"சொந்தக் காரியமா? அந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாது. ஆறு அடிச்சிட்டுன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா, அன்னைக்கே என் பெல்ட்டை உருவியிருப்பியள்லா!"

மாடக்கண்ணு அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. மனைவி இராமலட்சுமி நடவு வேலைக்குப் போனாள். கொடுப்பதை வாங்கிக்கொள்ளச் சொன்ன சொந்தக்காரர்களோடு அவர் பேச்சையே நிறுத்தினார். தன்னைப் போல வெறுங்கையோடு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போனார். புளியறையில் ஏசுதாசன் இருந்தார். அவரும் கான்ஸ்டேபிள்தான்; லீவு நாளில் கத்திக்குத்தை விலக்கப் போய்க் கை விளங்காமல் போனவர். இப்படி மாடக்கண்ணுவோடு ஏழு பேர் சேர்ந்தார்கள். 'மக்களைக் காப்பாற்றப் போய்ப் பட்ட காயம் எந்த நேரத்தில் பட்டாலும் வேலையில் பட்டதுதான். விதியை மாற்றுங்கள்' என்று மனுப் போட்டார்கள்.

விசாரணைக்குச் சைதூன் பீவியே வந்தாள். வீட்டில் தடுத்தும் கேட்கவில்லை. "வெள்ளம் மணி பாத்தா வந்துது? அந்த அண்ணாச்சி மணி பாத்திருந்தா நான் மையத்தாத்தான் வீட்டுக்குப் போயிருப்பேன்" என்று விசாரித்த வெள்ளைக்காரத் துரை முன்னால் சொன்னாள்.

மூன்று வருஷம் கழித்து உத்தரவு வந்தது. மாடக்கண்ணுவுக்கு மட்டும், விசேஷ தயவாக, மாதம் எட்டு ரூபாய். விதி அப்படியே இருந்தது.

"மத்த ஆறு பேரு எங்க வே?" என்று ஆபீசுக்குப் போய்க் குமாஸ்தாவிடம் கேட்டார்.

"உமக்குக் கிடைச்சிட்டுல்லா? பேசாமப் போவும்."

"நான் பிச்சையா கேட்டேன்? தயவாம், தயவு!"

வீட்டு நிலைமைக்காகப் பணத்தை வாங்கினார். வாங்கிய அவமானம் உடம்பெல்லாம் எரிந்தது. ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து, ஏசுதாசன் பெயரை முதலில் போட்டு அடுத்த மனுவை எழுதத் தொடங்கினார். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்தது. இன்னொன்று எடுத்தார்.