பேச்சி வளர்த்த என் ஈஸ்ட்

பேச்சியம்மாள் இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்தது. எனக்கு மறுநாள்தான் வந்தது. பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் நம் நுண்ணுயிரியல் துறையிலிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். போய்க் கேட்டுவிட்டு வந்த அத்தை, என் மாமியார், வாயே திறக்கவில்லை. அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு, நான் மகளுக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"உன்கூடப் படிச்ச அந்த மாஞ்சோலைப் பிள்ளை போயிட்டாம்மா. மஞ்சக்காமாலையாம்."

"எப்ப அத்தை?"

"முந்தாநாள். நேத்தே எனக்குத் தெரியும். பால் குடுக்கவகிட்ட சாவைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்." பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்கள்: "எங்கம்மா போனதை எனக்குப் பொசுக்குனு சொல்லிட்டாவ. பால் வத்திப்போச்சு. என் மூத்தது தங்கலை."

அதற்கு மேல் நான் யாரிடம் கோபப்பட? மகளுக்கு எடை ஏறவில்லை என்று டாக்டர் ஏற்கெனவே உதட்டைப் பிதுக்கியிருந்தார். அழுதால் நிஜமாகவே பால் நின்றுவிடுமோ என்று, நுண்ணுயிரியல் படித்த எனக்கும் பயம் வந்துவிட்டது. தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அழாமல் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சியின் நினைவாக வரும் துறை மலருக்கு எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நான்தான் பிந்திவிட்டேன். அழுகையை அடக்கியே வைத்திருந்ததில் எழுத்தும் வரவில்லை.

அவளோடு படித்த உங்களுக்கு அவள் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களின் மகள். எதையும் யாரிடமும் நேராகக் கேட்டுவிடுவாள். எனக்கு அது வராது. எங்கள் வீட்டில் பெண்களுக்கு வேண்டியதெல்லாம் கேட்கும் முன்பே வந்துவிடும். வராததைக் கேட்கும் வழக்கம் கிடையாது.

எம்.பில். ஆராய்ச்சிக்கான ஈஸ்ட் தேடி நாங்கள் இருவரும் ஏரலுக்குப் போனோம். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள்; அதில் ஈஸ்ட் வளராது. சுண்ணாம்பு தடவாத கலயத்துச் சாறுதான் வேண்டும் என்று ஒரு பனையேறியிடம் பேச்சி கேட்டு வாங்கினாள். திரும்பும்போது பஸ்ஸிலேயே அது நுரைத்துப் பஞ்சு மூடியைத் தள்ளத் தொடங்கியது. கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா அது, கள்ளா?"

"இன்னும் ஆகலை அண்ணாச்சி. நீங்க இப்படி ஊருக்கு ஊரு நிறுத்திப் போனா பாளையங்கோட்டை வாறதுக்குள்ள ஆயிரும்."

பஸ்ஸே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்த ஈஸ்டுக்குச் சர்க்கரையும் சில உப்புகளும் வைட்டமினும் கொடுத்தால் போதும், தனக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் அத்தனையையும் தானே செய்துகொள்ளும். அதைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பழுதாக்கினோம். லைசின் என்ற அமினோ அமிலத்தைச் செய்யத் தெரியாத ஒன்று பேச்சிக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது அடினைன் என்ற வேறொரு சத்தைச் செய்யத் தெரியாதது. அந்தக் குறையில் அது இளஞ்சிவப்பாகிவிடும். "உன்ன மாதிரியேதான் ட்டி. வாயைத் திறந்து கேக்காது, மூஞ்சி மட்டும் செவந்துரும்" என்பாள்.

லைசின் இல்லாத குழாயில் அவளுடையது வளரவேயில்லை. சர்க்கரையை இரட்டிப்பாக்கினாள். வைட்டமினைக் கூட்டினாள். மற்ற அமினோ அமிலங்களையெல்லாம் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாகவே நின்றது. துளி லைசின் விட்டதும் மறுநாள் குழாய் கலங்கிவிட்டது. "செத்துப்போச்சுன்னு நெனச்சேல்லா? சாகலை ட்டி. நின்னுக்கிட்டிருந்துருக்கு" என்று குழாயை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

பிறகு ஒரு நாள், இரண்டு சத்தும் இல்லாத தட்டில் அவளுடையதையும் என்னுடையதையும் பக்கம் பக்கமாகக் கோடு இழுத்து வைத்திருந்தோம். எதுவும் வளரக் கூடாது. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று பார்த்த ஓரத்தில் மட்டும் வளர்ந்திருந்தன. எங்கள் வழிகாட்டி சார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேற ஏதோ கிருமி விழுந்திருக்கு, தூக்கிப் போடு" என்றார்.

"கிருமின்னா எங்கன வேணாலும் வளரும்லா சார்? இவ கோட்டுப் பக்கம் உள்ள ஓரம் மட்டும் எப்படி வளந்திருக்கு?"

அவள் இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்துப் பார்த்தாள், இரண்டும் நின்றுவிட்டன. மறுபடி பக்கத்தில் வைத்தாள், மெல்லிசாக எழுந்தன. என்னுடையது கசியவிட்ட லைசினில் அவளுடையதும், அவளுடையது கசியவிட்ட அடினைனில் என்னுடையதும் பிழைத்திருந்தன. சார் அந்தத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டினார்.

ஆய்வு பாதியில் இருக்கும்போது எனக்குக் கல்யாணம் ஆயிற்று; அடுத்தாற்போல் மகள். குளிர்பெட்டியில் வைத்த ஈஸ்ட் சில மாதம்தான் தாங்கும். அதற்குள் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். "உன்னோடதையும் நானே மாத்திக்கிடுதேன், நீ பிள்ளையப் பாரு" என்று பேச்சி பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

மகளைப் பார்க்க ஒருமுறை வீட்டுக்கு வந்தாள். அத்தை அவளுக்குத் தனியாக எடுத்துவைத்த ஒரு தம்ளரில் காப்பி கொடுத்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. பேச்சி என் காதருகில் வந்தாள்: "பேசாம இரு. நீ வாய் வச்சு உறிஞ்சுன பிப்பெட்டுக் குழாயத்தான் லேபுல நானும் உறிஞ்சேன். தெரிஞ்சா உன் மாமியா உனக்கும் தனித் தம்ளர் போட்டுருவாவ."

குடித்து முடித்துவிட்டு அத்தையிடம் நேராகவே கேட்டாள்.

"அம்மா, இவள எப்ப அனுப்புதீய?"

"எங்க?"

"லேபுக்குத்தான். கொஞ்சந்தான் பாக்கி."

அத்தை என்னைப் பார்த்தார்கள். "அவ ஒண்ணும் கேக்கலியே."

"அவ கேக்க மாட்டா. அதான் நான் கேக்கேன்."

"பிள்ளை பால் மறக்கட்டும். பாப்போம்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பாப்போம்னு சொல்லிட்டாவல்லா, அதுவரைக்கும் உன் ஈஸ்டு சாகாது" என்றாள். அதுதான் அவளை நான் கடைசியாகப் பார்த்தது.

மாஞ்சோலைக்குப் போய் அவள் அப்பா அம்மாவைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. கைப்பிள்ளையோடு மலைப்பாதை பஸ், அதுவும் துக்க வீட்டுக்கு, கூடாது என்றுவிட்டார்கள். இந்த வீட்டில் என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை. கதவு நாளெல்லாம் திறந்துதான் கிடக்கிறது. மகள் அழுதால் கேட்கிற தூரம்வரை நான் போகலாம். அது கொல்லைக் கிணற்றோடு முடிந்துவிடுகிறது.

கோடை விடுமுறைக்கு முன் துறையில் குளிர்பெட்டியைக் காலி செய்து கழுவுவது வழக்கம். அவள் மாற்றிவைத்த குழாய்கள் இன்னும் அதில்தான் இருக்க வேண்டும். மகள் பால் மறப்பதற்குள் அவை செத்துவிடும். அவை போனால் என் ஆய்வும் போனதுதான். அவள் பிரித்தெடுத்த ஈஸ்டும் உலகில் வேறெங்கும் இருக்காது.

நேற்றுச் சாப்பாட்டு வேளையில் அத்தையும் என் கணவரும் இருக்கும்போது, அடுத்த வாரம் ஒரு காலைப்பொழுது மட்டும் துறைக்குப் போய் வரட்டுமா என்று கேட்டேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன். பேச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான்.

அந்தத் துணிச்சலில் உங்களிடமும் கேட்கிறேன். பேச்சியின் கையெழுத்துள்ள குழாய்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒருமுறை, இரண்டையும் யாராவது புதுக் குழாய்க்கு மாற்றிவையுங்கள். என்னுடையதற்கு அடினைன், அவளுடையதற்கு லைசின் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.