ஆடி மாசத்து டயர்

என் மூத்தாருக்கு அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அது அவர் பேரில் இருக்கிறது. இரண்டு, உதைத்துக் கிளப்பினால் தெருக்கோடி வரைக்கும் சத்தம் கேட்கும். மூன்றாவதாக டயரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. இவ்வளவு வருஷம் கழித்தும் வருகிறது. அடக்கிக்கொண்டு எழுதுவதாக இல்லை.

மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணன். எண்பதுகளின் கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு காலனி வீட்டிலிருந்து கோவிலம்பாக்கத்துக்குக் கல்யாணமாகிப் போனேன். அவர்கள் வயல் வைத்திருந்த குடும்பம். வயலெல்லாம் மனை போட்டு விற்றாகிவிட்டது. விற்றவர் மூத்தார், ஆகவே வீட்டில் பேசுகிறவரும் அவர்தான். பெண் பார்க்க வந்த அன்றே நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். சமைக்கத் தெரியுமா, வேலையை விட்டுவிடுவாளா, கால் சரியாக இருக்கிறதா, கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டதெல்லாம் அவர். மாப்பிள்ளை மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கமான பையன் என்று எங்கள் வீட்டில் பூரித்துப் போனார்கள்.

வண்டி முந்நூற்றைம்பது சிசி. மனை விற்ற கையோடு மூத்தார் வாங்கியது. அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்த அவருக்கு இன்னொருத்தர் கை வேண்டும். கொஞ்ச நாள் ஊருக்குள் ஓட்டிக் காட்டிவிட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். என் கணவருக்குப் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகப் போய் விற்கும் வேலை. காலையில் என்னைப் பல்லாவரத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துச் செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புவார். பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, பெட்டிக்குள் இரும்புச் சாமான். வண்டியே ஒரு எருமைக் கனம். இவ்வளவையும் சுமந்துகொண்டு லாரிகளுக்கு நடுவில் ஓடினால் டயர் என்னத்துக்கு ஆகும்?

ஆனி மாசத்தில் பின் டயர் மொட்டையாகிவிட்டது. முன் டயரிலும் கோடுகள் மங்கிப் போயிருந்தன. "ரெண்டையும் மாத்தணும்ணா" என்று இவர் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் பல் குத்திக்கொண்டே தலையாட்டினார். காசில்லாத வீடில்லை அது. ஆனால் அவர் வாங்கிக் கொடுக்க வேண்டும், அவருக்குத் தோன்றுகிறபோது வாங்கிக் கொடுக்க வேண்டும், அதுவரை மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் என் சம்பளத்தில் வாங்கிவிடலாம் என்றேன். "அண்ணன் என்ன நெனைப்பாரு? பாத்துக்கலாம்" என்றார் இவர். இந்தப் பாத்துக்கலாம் என்ற வார்த்தையை இவர் வாயிலிருந்து கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பாத்துக்கலாம் பாத்துக்கலாம் என்று ஆடி பிறந்துவிட்டது.

ஆடியில் புது சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது. புதுத் துடைப்பம்கூட வாங்கமாட்டார்கள் அந்த வீட்டில். முந்தின வருஷம் ஆடிக்கு, புதுப் பெண் என்று என்னையே தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். "இனிமே ஆவணிதான்" என்று மூத்தார் சொல்லிவிட்டார். இவர் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கே என்னவோ போலாகியிருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போய், தோளில் ஒரு டயரை மாட்டிக்கொண்டு ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி உள்ளே நுழைந்தார்.

"புதுசுதானே வாங்கக் கூடாது? இது பழசு. ஆடிக்கும் குத்தமில்ல, நமக்கும் குத்தமில்ல. இன்னா சொல்ற?" என்றார்.

பழைய டயர் என்றாலும் பார்க்கக் கன்னங்கரேலென்று பளபளத்தது. கோடுகள் ஆழமாக இருந்தன. என் மாமியார் "புதுசு கணக்காவே கீதே" என்று தடவிப் பார்த்தார். அந்தக் கை கறுப்பாகிவிட்டது. ஷூவுக்குப் போடுகிற பாலிஷ் மாதிரி எதையோ அடித்திருந்தார்கள். நான் குனிந்து ஒரு கோட்டுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தேன். ரப்பர் வரவில்லை, நூல் வந்தது. மொட்டையாகிப் போன டயரில் சூட்டுக் கத்தியை வைத்துப் புதிதாகக் கோடு வெட்டியிருந்தார்கள். கத்தி உள்ளே இருக்கிற நூல் வரைக்கும் இறங்கியிருந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். அந்த வீட்டில் மூன்று பேருக்குக் கண் இருந்தது.

"மாமா, இது வெட்டின டயர். உள்ள நூல் தெரியுது பாருங்க" என்றேன்.

மூத்தார் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல டயர் பாடம்கூட நடத்தறாங்களாடா?" என்றார். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நான் முதலில் மன்னிக்கவில்லை.

அதோடு விட்டாரா? எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதிலும் தன் மூளையைக் காட்டினார். வண்டிக்கு முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு. முன்னால் இருந்ததைக் கழற்றிப் பின்னால் போடு, இதை முன்னால் போடு என்றார். "ஆள் குந்தறது பின்னாடி. பொட்டி கீறது பின்னாடி. முன்னாடி இன்னா வெயிட்டு கீது? சும்மா உருண்டுகினு போவுது!"

எனக்குப் பொறுக்கவில்லை. முன் சக்கரத்தில்தானே ஹேண்டில்பார் இருக்கிறது? பின் டயர் போனால் வண்டி வாலை ஆட்டும். முன் டயர் போனால் ஹேண்டில்பார் கையை விட்டுப் போய்விடும். இதைச் சொன்னேன். கேட்பார் இல்லை. கடைசியில் குரலை உயர்த்தி, "இந்த டயர் நடு ரோட்ல வெடிக்கும். வெடிக்கறப்போ வண்டி மேல நீங்க இருக்கமாட்டீங்க மாமா, இவர்தான் இருப்பார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் வீடு அப்படியே நின்றுபோனது தெரிந்தது. ஆடி வெள்ளி. மாமியார் அப்போதுதான் விளக்கேற்றி வைத்திருந்தார்.

"வெளக்கு வச்ச நேரத்துல என் புள்ளைய இன்னா வார்த்த சொல்றா பாரு! போய் வாயக் கழுவு மொதல்ல!" என்று என்னைப் பின்கட்டுக்கு விரட்டினார். நான் கழுவவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது உப்பும் மிளகாயும் எடுத்து இவரைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி வண்டிக்கும் காட்டினார். டயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

மறுநாளிலிருந்து நான் அந்த வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நின்றேன். கூட்டத்தில் நசுங்கி, கசங்கிப் போன புடவையில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன். தினம் காலையில் இவர் பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி, "ஊரே பாக்குது, ஏறு" என்பார். "டயரை மாத்துங்க, ஏறறேன்" என்பேன். "அண்ணன் மனசு கஷ்டப்படும்" என்பார். அண்ணன் மனசு ஒன்று இருந்தது, அதற்குக் கஷ்டம் வரும், அதை ஊரே பொத்திப் பாதுகாக்க வேண்டும். எனக்கு இருந்தது மனசா மண்ணாங்கட்டியா என்று யாரும் விசாரிக்கவில்லை.

எனக்கு வேண்டியது பெரிய விஷயமில்லை. இவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அண்ணன் முகத்துக்கு நேராக, "அவ சொல்றது சரிண்ணா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். டயர்கூட அதற்கப்புறம்தான். இந்த மனிதரோடு காலம் தள்ள முடியுமா முடியாதா என்பதே அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவர் வண்டிச் சத்தம் கேட்கும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டதும் நெருப்பு அணையும், கோபம் பற்றிக்கொள்ளும்.

ஆடி முடிவதற்குள் அது நடந்துவிட்டது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து திரும்பி வரும்போது பொத்தேரிக்கு அருகில் முன் டயர் வெடித்தது. ஹேண்டில்பார் ஒரே உதறலாக உதறிக் கையை விட்டுப் போக, இவர் ரோட்டோரத்து மண்ணில் போய் விழுந்தார். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கை மிதித்து நிறுத்தியதால் உயிர் மிஞ்சியது. தோள்பட்டைக்கு முன்னால் இருக்கிற காறை எலும்பு முறிந்துவிட்டது. ஒரு கன்னம் முழுக்கத் தோல் உரிந்து போயிருந்தது. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

வண்டியை ஒரு டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் நேராக முன் சக்கரத்திடம் போனேன். கத்தியால் வெட்டிய அதே கோட்டில், ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி, பிளந்திருந்தது.

"மாமா, வெட்டின கோட்டுலயே பொளந்திருக்கு. வந்து பாருங்க" என்றேன்.

அவர் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "வாய வச்சா எந்த டயர்மா நிக்கும்?" என்றார்.

மாமியார் இன்னும் நேரடியாகச் சொன்னார். "கரிநாக்கு. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு முன்னாடி நின்னு சொன்னா, பலிச்சிடுச்சு."

இப்படி ஒரு கணக்கை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. சொல்லாமல் இருந்தால் எச்சரிக்காதவள். சொல்லி, நடக்காமல் இருந்தால் வாயாடி. சொன்னபடியே நடந்துவிட்டால் கரிநாக்குக்காரி. வெட்டிய டயரை விற்றவன் நல்லவன், வாங்கியவர் நல்லவர், முன் சக்கரத்தில் மாட்டச் சொன்னவர் அதைவிட நல்லவர். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் அன்றிலிருந்து என்னைப் பார்த்ததும் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. கீழே விழுந்தவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஹேண்டில்பார் யார் கையிலிருந்து போனது? அவர் கையிலிருந்து. இனி ஒருவர் விளக்க வேண்டுமா? மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நானும் காத்துக்கொண்டு பார்த்தேன்.

"நீ அன்னிக்கு அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

ஆரஞ்சை உரித்து முடித்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஆவணி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் டயர்க் கடைக்கு நானே போனேன். "சார் வரலியா?" என்றார் கடைக்காரர், என் தலைக்கு மேல் சுவரைப் பார்த்து. சார் வரவில்லை, டயரைக் காட்டுங்கள் என்றேன். வாசலில் தொங்கிய ஒன்றை எடுத்துப் போட்டார். மாசக்கணக்கில் வெயில் குடித்த டயர். பக்கவாட்டில் மடக்கினால் மயிரிழை மாதிரி வெடிப்பு. உள்ளே இருப்பதை எடுங்கள் என்றேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்கக் கடை கடையாக ஏறி, ஒருத்தர் சொன்னது சரியா என்று அடுத்தவரிடம் கேட்டே கற்றுக்கொண்டிருந்தேன். ஒருத்தர் பொய்யை இன்னொருத்தர் சந்தோஷமாகக் காட்டிக் கொடுப்பார். முன்னுக்கு நீளவாட்டில் கோடு ஓடுகிற டயர், அதுதான் திருப்பினால் சொன்னபடி கேட்கும். பின்னுக்குக் கட்டம் கட்டமாக இருக்கிற டயர், அது ரோட்டைப் பிடித்துத் தள்ளும். பெட்டியின் கனம் தாங்குகிற தடிமன் வேண்டும். டியூபும் புதுசு. பழைய டியூபுக்கு ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். புது டியூபை எடுத்து வைத்துவிட்டார்.

டயர்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மூத்தார் வாசலில் நின்றிருந்தார். "என் வண்டிக்கு நீ யாரு டயர் வாங்க?" என்றார். "வண்டிக்கு நான் யாரோ. அதுல போறவர் என் புருஷன், அவருக்காக வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தோள் கூடி, இவர் முதல் தடவை வண்டியை எடுத்த காலையில் பூஜை போட்டார்கள். இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். மாமியார் பூசணிக்காயைச் சுற்றும்போது என்னைப் பார்த்து, "நீ உள்ள போய் நில்லும்மா. டயருமேல கண்ணு படப் போவுது" என்றார். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய டயர். உள்ளே போய் நிற்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

இவர் வண்டியில் பின்னாலேயே வந்து நிறுத்தினார். கன்னத்தில் புதுத் தோல் சிவப்பாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"ஏறு. நீயே பாத்து வாங்கின டயர்தானே? இன்னும் என்ன?"

"டயருக்கு என்ன, நல்ல டயர்தான்" என்றேன். "அழுத்திப் பாத்து, மடக்கிப் பாத்து, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லி வாங்கினது. உங்களை அப்படி வாங்கலையே."

பஸ் வந்தது. கூட்டமாகத்தான் வந்தது. ஏறிக்கொண்டேன்.