மாற்றாந்தாய்க்கு நான் வைத்த பெயர்

ஒரு வத்தகப்பழத்துக்குள் குமர்ப்பிள்ளை ஒருத்தி உட்கார முடியுமா என்று மூன்று வாரம் யோசித்தவன் நான். யோசித்ததோடு நிற்கவில்லை. மட்டக்களப்புச் சந்தையில், வெளியூரார் தர்பூசணி என்னும் அந்தப் பழத்தில் இருந்ததிலேயே பெரியதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அளந்தும் பார்த்தேன். "சேர், வத்தகப்பழத்தத் தட்டித்தான் பாக்கிற. கொஞ்சிப் பாக்கிறல்ல" என்றார் கடைக்காரர். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

பத்திரிகையில் வாரம் ஒரு நகைச்சுவைப் பத்தி எழுதுவது என் பிழைப்பு. சிரிப்பு வற்றிப்போன ஒரு பருவத்தில், வெளிநாட்டுத் தேவதைக் கதைகளை எங்கள் வாவிக்கரைக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு எழுதலாம் என்று தோன்றியது. பனியையும் கோட்டையையும் கண்டிராத பிள்ளைகள் அவற்றுக்காக ஏன் ஏங்க வேண்டும்? முதலில் கையில் எடுத்தது ஒற்றைச் செருப்பைத் தொலைத்த பெண்ணின் கதை.

அரண்மனை நடனத்தை அமிர்தகழித் தீர்த்தத் திருவிழாவாக மாற்றினேன். கோயில் வாசலில் செருப்புத் தொலைய மந்திரம் எதுவும் தேவையில்லை. நள்ளிரவு மணிக்குப் பதிலாகக் கடைசி பஸ். இளவரசனுக்குப் பதிலாக, நாலு வட்டை வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் ஒருவரின் மகன். பூசணிக்காய் வண்டி, மேற்படி ஆராய்ச்சிக்குப் பிறகு, வத்தகப்பழ ஓட்டோ ஆயிற்று. கடைசியில் பெண் அரண்மனைக்குப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வார். அதையும் திருத்தி எழுதிவிட்டு, இவ்வளவு நுட்பம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்துகொண்டேன்.

மிஞ்சியது மாற்றாந்தாய். அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தகப்பனின் இரண்டாம் மனைவியைப் பிள்ளைகள் 'சின்னம்மா' என்பார்கள். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினேன். புத்தகம் முழுவதும் மாற்றாந்தாய்கள் ஒரே கணத்தில் சின்னம்மாக்கள் ஆனார்கள். வத்தகப்பழத்துக்கு மூன்று வாரம். இதற்கு அரை நிமிடமும் ஆகவில்லை.

வந்தாறுமூலையில் படிப்பிக்கும் விரிவுரையாளர் நண்பர் ஒருவருக்கு அச்சுப்படியை அனுப்பினேன். சின்னம்மா என்ற சொல்லின் கீழே கோடிட்டு, "மண்ணின் சொல்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார். எனக்கு மிகுந்த சந்தோஷம். என் வீட்டில் இருந்தவளிடம் மட்டும் காட்டவில்லை.

எங்கள் ஊர்த் தமிழில் தகப்பனின் இரண்டாம் மனைவிக்கும் தாயின் தங்கைக்கும் ஒரே சொல்தான். என் மனைவி இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. மனைவியின் தங்கைக்குக் கிடைத்த வீடு அதே வளவில், இருபது அடி தள்ளி இருக்கிறது. நடுவில் வேலி இல்லை. எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்று அவள் ஒரு பாயும் தலையணையுமாக எங்கள் பக்கம் வந்தாள். மகளின் அருகில் பாயை விரித்தாள். எட்டு வருடமாக அந்தப் பாய் அங்கேயே இருந்தது.

அவளை நான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சில காலம் சொல்லிப் பார்த்தார்கள். வேறு இடங்களிலிருந்தும் அவளுக்குச் சம்பந்தம் வந்தது. எல்லாருக்கும் ஒரே பதில்: "நான் புள்ளைக்குச் சின்னம்மாவா இருக்கிறன். அது காணும்." மகள் ஐந்து வயதில் ஒருமுறை அவளை வாய் தவறி 'அம்மா' என்று கூப்பிட்டாள். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். "அம்மா இந்தா இருக்கிறா. நான் சின்னம்மா." அக்காவுக்குரியதை எடுக்காமல், தனக்கென்று அவள் வைத்துக்கொண்ட பெயர் அது ஒன்றுதான்.

மகளின் பாடசாலையில் வாசிப்பு விழா. பிரதம விருந்தினர் நான். புதுப் புத்தகத்தை நானே வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. பெற்றோருக்குப் போட்ட கதிரைகளில் முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பாடசாலைக் கூட்டங்களுக்கெல்லாம் எப்போதும் போகிறவள் அவள்தான்.

வெறுமனே வாசித்திருந்தால்கூடக் குற்றம் பாதியோடு போயிருக்கும். நான் நடித்தும் காட்டினேன். கொடுமைக்காரச் சின்னம்மா வரும் இடத்தில் இல்லாத சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, தலையைச் சாய்த்து, "இன்னும் முடியல்லையா புள்ள? வெளிச்சம் போகுது" என்று நீட்டி இழுத்தேன். அந்த வசனம் புத்தகத்தில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று அந்த நேரம் நான் நினைக்கவுமில்லை. எங்கள் வீட்டுக்கு விளையாட வரும் பிள்ளைகளுக்கு அது யாருடைய பேச்சு என்று உடனே தெரிந்துவிட்டது. அவர்கள் கிறுகி முதல் வரிசையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு என் நடிப்புக்குத்தான் என்று எண்ணி, இன்னும் இரண்டு தரம் அதையே சொன்னேன்.

மகள் சிரிக்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டோவில் மூன்று பேரும் திரும்பினோம். ஓட்டோ பாலம் தாண்டியது. பிறகு அவள் சொன்னாள்: "வாசிப்பு நல்லா இருந்திச்சு அத்தான். குரல்தான் கொஞ்சம் கூடிப்போச்சு."

அடுத்த வாரம் முழுவதும் வகுப்பில் மகளைப் பகிடி பண்ணியிருக்கிறார்கள். "இண்டைக்கும் உன்ட சின்னம்மா உன்னச் சாம்பலுக்கையா படுக்கவிட்ட?" என்று ஒருத்தி. "வெளிச்சம் போகுது புள்ள" என்று இன்னொருத்தி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. எனக்கு எதுவும் தெரியாது. நான் அடுத்த கதைக்காக ஓநாய்க்குப் பதில் முதலையைப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை அடுக்களை வாசலில் தேத்தண்ணிக்காக நின்றேன். அவள் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்று சொன்னாள்: "அன்ரி, இந்தமுறை கூட்டத்துக்கு அப்பா வரட்டும்."

அன்ரி. எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும் அந்த இங்கிலீசுச் சொல்லை எங்கள் வீட்டில் அன்றுதான் முதன்முதல் கேட்டேன். துருவிய கை நின்றது. பாதித் தேங்காயை ஒருமுறை திருப்பிப் பிடித்தாள். "ஓம் புள்ள" என்றாள். மறுபடி துருவத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகும் சமையல் நடந்தது, தலை வாரிவிடுவது நடந்தது, சட்டை மினுக்குவது நடந்தது. ஒரு மாலை மட்டும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இருபது அடி தாண்டித் தன் வீட்டுக்குப் போனாள். "அவள் வளந்திட்டாள். தனியப் படுத்துப் பழகட்டும்" என்று என்னிடம் சொன்னாள். காரணம் சரியாகத்தான் இருந்தது.

வாரம் எழுநூறு சொல் எழுதுகிறவனுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல் வரப் பத்து நாள் ஆயிற்று. கிணற்றடியில் அவள் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். மாற்றாந்தாய் என்றால் பிள்ளைகளுக்கு விளங்காது, கணினியில் ஒரு பொத்தான், விரிவுரையாளர்கூட, என்று ஏதேதோ சொன்னேன்.

"நீங்க வேணுமெண்டு செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும் அத்தான்" என்றாள். "வேணுமெண்டு செய்திருந்தாச் சண்டை பிடிச்சிருப்பன்."

"புள்ளைட்ட நான் சொல்றன்."

"என்னெண்டு சொல்லப் போறீங்க? சின்னம்மாவச் சின்னம்மா எண்டு கூப்பிடு எண்டா? சொல்லி வாற சொல்லா அது?"

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாடசாலைகளுக்குக் கொடுத்திருந்த பிரதிகளையெல்லாம் அலைந்து திரும்ப வாங்கினேன். 'அந்த மனிசி' என்று சின்னத் துண்டுகளாக அச்சடித்து வந்து, ஒவ்வொரு சின்னம்மாவின் மேலும் ஒட்டுவது என் திட்டம். கடைப் பசை போதவில்லை. அவள் வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அடுக்களைக்குப் போய்க் கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கொண்டுவந்தாள். "கட்டி விழாமக் கிண்டியிருக்கிறன். ஆறமுதல் ஒட்டுங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். தன் பெயரை மூடத் தானே பசை காய்ச்சியவளை, செருப்புக்காக அழும் பெண்ணைப் பற்றி எழுதிய எனக்கு எழுதத் தெரியவில்லை. மகளும் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்து ஒட்டினாள். துண்டுகளை மிக நேராக, மூலையில் விரலால் அழுத்தி ஒட்டினாள். தலை நிமிரவில்லை.

இப்போது மகள் அன்ரி என்றும் சொல்வதில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது தேவையென்றால் வளவைத் தாண்டிப் போய், சின்னம்மா நிமிர்ந்து பார்க்கும்வரை முன்னால் நிற்கிறாள். பார்த்த பிறகுதான் பேசுகிறாள். சில நாள் அவள் வந்து நிற்பது தெரிந்தும் சின்னம்மா உடனே நிமிர்வதில்லை. மகள் வாய் திறந்து கூப்பிடக் காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

திருத்திய பிரதிகளை நானே எல்லாப் பாடசாலைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அவற்றில் ஒன்றின் நூலகப் பொறுப்பாசிரியை என்னைச் சந்தையில் கண்டு மறித்தார்.

"சேர், இப்ப உங்கட புத்தகத்துக்குத்தான் புள்ளையள் அடிபடுதுகள்" என்றார். "ஒட்டின துண்டையெல்லாம் நகத்தால உரிச்சு உரிச்சுப் பாக்குதுகள். உள்ளுக்க சின்னம்மா ஒளிச்சிருக்காவாம்."