கிருமிகளுக்குத் தீனி

முழங்கை வரை ஈர மரச்செதில்களுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார் ஆஸ்கெர். இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரே ஒரு சொட்டு கசிய வேண்டும். பிறகு மோந்து பார்ப்பார். காட்டு மண் வாசனை வந்தால்தான் முகம் தெளியும்.

டென்மார்க்கின் வடக்குத் துறைமுகம் ஒன்றில் அவர் வேலை பார்க்கும் மீன்தூள் ஆலை அது. முன்பெல்லாம் ஆலையின் நாற்றத்தை உயரமான புகைபோக்கி அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்தது. இப்போது அந்தக் காற்று முழுவதும் இந்த மரச்செதில் படுகைக்குள் புகுந்துதான் வெளியேறுகிறது. செதிலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நாற்றத்தைத் தின்று தீர்க்கின்றன. காய்ந்தாலோ பட்டினி கிடந்தாலோ செத்துவிடும். ஆகவே கோடை விடுமுறையில் ஆலையே பூட்டிக் கிடந்தாலும் ஆஸ்கெர் மட்டும் போய் மீன்கழிவின் வாடையை ஊதிவிட்டுக் கொண்டிருப்பார். "இதுங்களுக்கு ஏது லீவு? வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கிருமிக்கு ஏதுய்யா வயிறு?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார் மனைவி ஹெல்லெ. ஒரு கோடையாவது இருவரும் சேர்ந்து வெளியூர் போனதுண்டா? கிடையாது. படுகையின் ஈரத்தையும் சூட்டையும் கைபேசிக்கே சொல்லும் கருவியை ஆலை வாங்கிப் பொருத்தியபோது, இனி விடிவுகாலம் என்று ஹெல்லெ நினைத்தார். நடந்தது வேறு. ஆஸ்கெர் சாப்பாட்டு மேசையிலும் அதையே பார்க்கிறார். பார்த்துவிட்டு, நம்பாமல் ஆலைக்குப் போய்க் கையையும் விடுகிறார். என்ன ஜென்மமோ!

இந்த ஞாயிறு நார்வேயில் பேத்திக்கு ஞானஸ்நானம். பிறந்ததிலிருந்து அவர் இன்னும் நேரில் பார்க்காத பேத்தி. "இதுக்கும் நீ வரலைன்னா, இனிமே கூப்பிடவே மாட்டேன்ப்பா" என்று மகள் சொல்லிவிட்டாள். கூட வேலை பார்க்கும் பிரேபனிடம் படுகையை ஒப்படைத்துவிட்டு, ஒருவழியாகக் கப்பலேறும் கார் வரிசையில் வந்து நின்றார்கள்.

கைபேசி அடித்தது. பிரேபன்தான்.

"தண்ணி தெளிக்கிற பம்பு நின்னுபோச்சு. நானே ஹோஸ் பைப் வெச்சு நனைச்சிட்டிருக்கேன். நீ கிளம்புப்பா."

"ஹோஸ் பைப்பா? ஒரு பக்கம் குளமாயிடும், மறுபக்கம் காஞ்சு கிடக்குமே!"

"கிடக்கட்டும்! ஊரே நாறட்டும்!" என்றார் ஹெல்லெ. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது அவர்தான். "இப்ப நீ இறங்கினா, நான் ஒருத்தியாத்தான் போவேன். மககிட்ட என்னன்னு சொல்றது?"

முன்னால் நின்ற கார்கள் நகரத் தொடங்கின. ஆஸ்கெர் இறங்கினார். பேத்திக்கு வாங்கிய வெள்ளிக் கரண்டிப் பெட்டியைத் தன் இருக்கையில் வைத்து, அதன்மேல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.