மூன்று மூட்டை எரு

ஊரை விட்டு வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் போய்வந்த கத்தோலிக்கக் கோயிலில் பகல் ஒரு மணிப் பூசை மட்டும்தான் தமிழருக்கு. மற்றப்படி அது வெள்ளைக்காரரின் பங்கு. தொண்ணூறுகளின் நடுவில் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கோயிலுக்குப் பின்னால் கிடந்த அழகான புல்தரையைக் கிண்டி எறிந்துவிட்டு, இந்த மண்ணில் ஆதியில் நின்ற காட்டுப் புல்லைத் திரும்ப வளர்ப்பதாம். வேலைக்கு ஆள், உறுதிபூசுதல் என்ற திருச்சடங்குக்குப் படிக்கிற பிள்ளைகள். ஆளுக்கு ஒரு சதுர மீற்றர், நாலு தடி, சுற்றிக் கட்ட ஒரு கயிறு.

பூசை முடிய ஒரு அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். "உதென்ன பிள்ளை, நல்ல புல்லைக் கிண்டிப்போட்டுத் திரும்பவும் புல்லே போடுகினம்?"

எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன், என் மகளுக்காக. அந்தப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி, பதினைந்து வயது. அந்தப் பனிக்காலம் முழுக்க "நான் இனிக் கோயிலுக்கு வரமாட்டன்" என்று கட்டிலை விட்டு எழும்பாதவள். கெஞ்சினேன், கத்தினேன். தகப்பன் கார்ச் சாவியோடு நின்று நின்று அலுத்துப்போனார். இந்தப் புல் வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முன்னே சப்பாத்தைப் போட்டாள். அப்படியே பூசைக்கும் உள்ளே வந்தாள். புல்லோ புடலங்காயோ, அவள் கோயிலுக்கு வந்தால் எனக்குப் போதும்.

ஆனால் அந்தச் சனியன் பிடித்த புல் வளரவேயில்லை. ஜூன் முடிந்தும் விரல் நீளம்தான். பொறுப்பாக இருந்த ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ரீச்சர், "முதல் வருஷம் வேர்தான் கீழே போகும், பொறுங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். தண்ணீர் ஊற்றக்கூடாதாம், பசளையும் போடக்கூடாதாம். கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் புகையிலையும் மிளகாயும் செய்த குடும்பம் எங்களுடையது. எரு போடாமல் எது வந்தது? இலையுதிர்காலத்தில் மறைமாவட்ட ஆயர் வந்து அந்த நிலத்தை ஆசீர்வதிக்கப் போகிறார். அன்றைக்கு இவளுடைய துண்டு மொட்டையாகக் கிடந்து, மனம் விட்டுப்போய், திரும்பக் கட்டிலில் விழுந்தாளென்றால்?

மூன்று மூட்டை மாட்டெரு வாங்கினேன். வேலைக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி, அவளுடைய துண்டில் கொட்டிக் கையால் பரவி, மேலே மண் தூவி மறைத்தேன். பிறகு வார நாட்களில் தவறாமல் ஒரு வாளி தண்ணீர்.

வளர்ந்ததுதான். ஓகஸ்ட்டில் அவளுடைய துண்டு மட்டும் இடுப்பளவுக்கு மதர்த்து நின்றது. அவ்வளவும் களை. அவள் விதைத்த புல் வெளிச்சம் படாமல் அடியில் அழுகிக் கிடந்தது. ரீச்சர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இந்தப் புல் வறண்ட மண்ணில் பிழைக்கப் பழகியதாம். தீனி போட்டால் களைதான் தின்று கொழுக்குமாம்.

 மகள் வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்தினாள். "நான்தான் ஏதோ பிழையாச் செய்துபோட்டன். மற்றப் பிள்ளையளின்ரை எல்லாம் நல்லா இருக்கு. நான் இனிப் போகமாட்டன்."

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரிய வராது. ஆனால் செய்தவள் நான், தன்னை நொந்துகொண்டு கிடக்கிறவள் அவள். எப்படிச் சோறு இறங்கும்? என்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். "நீ இல்லை. நான்தான் எருப் போட்டனான்."

கதவு படாரென்று திறந்தது. "அம்மா! ஒண்டையும் சும்மா விடமாட்டீங்களோ? எனிதிங்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. 

அடுத்த ஞாயிறு, பூசைக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் காட்டிய ஆழத்துக்கு மேல்மண்ணை வெட்டிக் குப்பைப் பைகளில் நிரப்பினேன், சேலையோடுதான். களைக்குள் உயிர் தப்பிக் கிடந்த ஏழெட்டு நாற்றுகளை அவள் தேடியெடுத்து, முழங்காலில் நின்று ஒவ்வொன்றாக நட்டாள்.

"வா பிள்ளை, பூசை தொடங்கப்போகுது."

"நீங்க போங்கோ," என்றாள், தலை நிமிராமல்.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கையைக் கழுவி உள்ளே போனேன். பிந்தி வந்த தகப்பன் மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"எங்கை அவள்? வரமாட்டாளாமோ? நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

எழும்பப் போனவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அவள் வந்துதான் இருக்கிறாள். நீங்கள் இருங்கோ."